பத்திரத்தில் உங்கள் பெயர் யார் ஏட்டில் இருக்கிறது?

அரசுக் கடன் பத்திரங்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பிறகு கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்ல இடமில்லை. பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பணி ஓய்வு பெறும்வரை ஒரு வங்கியின் முதலீட்டுப் பிரிவில் இந்தப் பத்திரங்களோடுதான் என் பொழுது கழிந்தது. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் எல்லாம் சேர்ந்து 12 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர், “அரசுப் பதிவு பெற்ற கம்பெனியின் பாண்டு, வருஷத்துக்கு 15% வட்டி, மாதாமாதம் கைக்கு வந்துவிடும்” என்கிறார். என் அக்கா மகனோ, ரிசர்வ் வங்கியிலேயே கணக்குத் திறந்து அரசாங்கப் பத்திரம் வாங்கலாம் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, திருவாரூர்

பதில்: அக்கா மகன் பேச்சைக் கேளுங்கள் அம்மா.

அந்த ஏஜென்ட் காட்டும் பதிவுச் சான்றிதழ் எதற்கானது என்று முதலில் பாருங்கள். கம்பெனி என்று ஒன்றைத் தொடங்குகிற எவரும் கம்பெனிச் சட்டப்படி பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும். அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ் சாட்சி. உங்கள் பணத்தை அது திருப்பித் தரும் என்று அரசாங்கம் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. அரசுக் கடன் பத்திரத்தில் கடன் வாங்குவதே அரசாங்கம்தான். மத்திய அரசோ மாநில அரசோ வாங்கிய கடனுக்கு வட்டியையும் அசலையும் அதுவே தருகிறது. அந்தக் கணக்கை அதன் சார்பில் வைத்திருப்பது ரிசர்வ் வங்கி.

யார் எந்தப் பத்திரத்தை நீட்டினாலும் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: பணம் கொடுத்த பிறகு என் பெயர் யாருடைய ஏட்டில் ஏறும்? நிலம் வாங்கினால் பட்டாவில் நம் பெயர் ஏறும்வரை நமக்குத் தூக்கம் வருவதில்லையே, அதே கவலை இங்கேயும் வேண்டும். ரிசர்வ் வங்கியின் ஏடு, பங்குகளையும் பத்திரங்களையும் கணினிக் கணக்கில் வைத்திருக்கும் என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற டெபாசிட்டரிகளின் ஏடு, தபால் நிலையத்தின் ஏடு, வங்கியின் ஏடு இவையெல்லாம் யாரோ ஒரு கண்காணிப்பாளருக்குக் கட்டுப்பட்டவை. ஏஜென்ட் அச்சடித்துத் தரும் வண்ணச் சான்றிதழுக்குப் பின்னால் அவருடைய கம்பெனியின் கணினி மட்டும்தான் இருக்கிறது.

ஒரு நிறுவனம் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்றதா என்று பார்க்க ரிசர்வ் வங்கி ‘சசேத்’ என்ற இணையதளத்தை 2016 முதல் நடத்துகிறது. பெயரைப் போட்டுத் தேடுங்கள், புகாரும் அங்கேயே கொடுக்கலாம். நம் மாநிலத்தில் 1997லேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிதி நிறுவனம் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் அதன் சொத்துகளை முடக்கி, ஏலம் விட்டுப் பங்கிட்டுக் கொடுக்க அது வழி செய்கிறது. அனுமதியற்ற டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம் 2019இல் வந்தது. இரண்டும் நல்ல சட்டங்கள்தான். ஆனால் பணம் போன பிறகுதான் அவை கைகொடுக்கும். சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, ஒவ்வொருவரின் பங்கும் கைக்கு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். உங்கள் வயதில் அந்த ஆண்டுகளை நீதிமன்ற வாசலில் கழிக்கக் கூடாது.

உங்களுக்கு வேண்டியது தவறாமல் வரும் வருமானம். அதனால் முதலில் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2% ஆனது. அடுத்தது மத்திய அரசு ரிசர்வ் வங்கி மூலம் வெளியிடும் மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரம். தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டியோடு 0.35% கூட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தருவார்கள். ஏழு ஆண்டுக்காலம் அது, இடையில் விற்க முடியாது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் வயதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்கூட்டியே எடுக்க இடமுண்டு. வங்கி டெபாசிட் என்றால் ஒரு வங்கியில் அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரி வரை அது வெறும் 1 லட்சமாக இருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன். மருத்துவச் செலவு போன்ற அவசரத்துக்கு ஒரு பகுதியை வங்கியிலேயே வையுங்கள்.

15% என்று சொன்ன அந்த ஏஜென்ட் தெரிந்தவர், நல்லவராகவும் இருக்கலாம். அவரும் ஏமாற்றப்பட்டவராக இருக்கலாம். தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: ரீடெயில் டைரக்ட் கணக்கு திறப்பது எப்படி? டி-பில் என்றால் என்ன? மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக் கொள்முதலுக்கு எடுத்துவைக்கும் பணம் சில மாதம் சும்மா கிடக்கிறது.
— வாசகர், மதுரை

பதில்: உங்களுக்கு டி-பில் நன்றாகவே பொருந்தும்.

2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ரீடெயில் டைரக்ட் திட்டத்தில் தனி ஆட்கள் ரிசர்வ் வங்கியிடமே நேரடியாகக் கணக்குத் திறக்கலாம். பான் எண், சேமிப்புக் கணக்கு, முகவரிச் சான்று, கைபேசி எண், மின்னஞ்சல் இவை இருந்தால் போதும். கணக்குத் திறக்கவோ பராமரிக்கவோ கட்டணம் கிடையாது. 2024 மே மாதம் முதல் கைபேசிச் செயலியும் வந்துவிட்டது. குறைந்தபட்ச முதலீடு 10,000 ரூபாய், அதன் மடங்குகளில் வாங்கலாம். இந்தத் திட்டம் வருவதற்கு முன் இது வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கோடிகளில் புழங்கிய சந்தை. சிறு ஊர்க் கடைக்காரர் ஒருவர் அந்த ஏலத்தில் பங்கெடுக்க முடிகிறது என்பதை நான் பெரிய மாற்றமாக நினைக்கிறேன்.

டி-பில் என்பது மத்திய அரசு வாங்கும் குறுகிய காலக் கடன். 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று வகை. தனியாக வட்டி என்று எதுவும் வராது. குறைந்த விலைக்கு வாங்கி, முடிவில் முழு முகமதிப்பை, அதாவது பில்லில் குறித்த தொகையை, பெறுவீர்கள். ஓர் உதாரணக் கணக்கு: 100 ரூபாய் முகமதிப்புள்ள 91 நாள் பில் 98.40 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். 1 லட்சம் முகமதிப்புக்கு 98,400 கட்டுகிறீர்கள். 91 நாள் கழித்து 1,00,000 உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். கிடைத்த 1,600 ரூபாயை ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 6.5%. உண்மை விலை ஒவ்வொரு ஏலத்திலும் மாறும், இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏலம் வழக்கமாகப் புதன்கிழமை நடக்கும், பில் வியாழக்கிழமை கணக்கில் ஏறும். நீண்ட காலப் பத்திரங்களுக்கு வெள்ளிக்கிழமை, மாநில அரசுகளின் பத்திரங்களுக்குச் செவ்வாய்க்கிழமை. விலை குறித்துக் கேட்க வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை. நீங்கள் தொகையை மட்டும் சொல்கிறீர்கள். விலை சொல்லிப் போட்டியிடும் பெரிய நிறுவனங்களில் ஏலத்தில் வென்றவர்களின் சராசரி விலை என்னவோ, அதே விலையில் உங்களுக்கும் தருவார்கள். பணத்தை யுபிஐ மூலமோ நெட்பேங்கிங் மூலமோ கட்டலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தீபாவளிக்கு முன் பணம் வேண்டுமென்றால், அதற்கு முன்னாலேயே முதிரும் பில்லாகப் பார்த்து நாள் கணக்குப் போட்டு வாங்குங்கள். நடுவில் விற்பதற்கும் அந்தத் தளத்திலேயே வசதி இருக்கிறது. ஆனால் சிறிய தொகைக்கு நல்ல விலையில் ஆள் கிடைப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. கிடைக்கும் லாபத்துக்கு உங்கள் வருமான வரம்புப்படி வரியும் உண்டு.

கேள்வி: அரசுப் பத்திரம்தான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு என்கிறீர்கள். 1992 ஹர்ஷத் மேத்தா ஊழலே அரசுப் பத்திரத்தில்தானே நடந்தது? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?
— சி.ஏ. மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது. அந்த ஆண்டு நான் பம்பாயில்தான் வேலையில் இருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அன்று வங்கிகள் தம்மிடம் உள்ள வைப்புத்தொகையில் 38.5% வரை அரசுப் பத்திரங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட பிற பத்திரங்களிலும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இந்த வாரம் ஒரு வங்கியில் பத்திரம் கூடுதலாக இருக்கும், பணம் குறையும். பக்கத்து வங்கியில் நிலைமை தலைகீழாக இருக்கும். எனவே பத்திரத்தை இன்று விற்று, பதினைந்து நாளில் பேசிய விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ‘ரெடி ஃபார்வர்டு’ என்று சொல்வோம். பத்திரத்தைக் கைமாற்றும் பெயரில் நடக்கும் குறுகிய காலக் கடன் அது.

யாரிடம் எவ்வளவு பத்திரம் இருக்கிறது என்ற கணக்கு ரிசர்வ் வங்கியின் பொதுக் கடன் அலுவலகத்தில் இருந்தது. அந்தப் பேரேடுகள் கையால் எழுதப்பட்டவை. மாற்றல் படிவம் கொடுத்தால் அது பதிவாகி, இருப்பு போதுமா போதாதா என்று தெரிய நாள்கணக்கில் ஆகும். அந்தத் தாமதத்தைச் சமாளிக்க வங்கிகள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தன. பத்திரத்துக்குப் பதிலாக ‘பேங்க் ரசீது’. “இந்தப் பத்திரத்தை உங்களுக்கு விற்றுவிட்டோம், உங்கள் பொருட்டு வைத்திருக்கிறோம், பிறகு ஒப்படைப்போம்” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது. பி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வோம். என் மேசையிலும் அவை கட்டுக்கட்டாக வந்து போயின.

இரண்டு வங்கிகளுக்கும் நடுவே புரோக்கர் இருந்தார். நீங்கள் சொன்ன ஹர்ஷத் மேத்தா அப்படிப்பட்ட ஒருவர். ஆரம்பத்தில் அவர் வேலை ஆள் பிடித்துக் கொடுப்பது மட்டும்தான். போகப் போக, எதிர்ப்பக்கம் எந்த வங்கி என்றே தெரியாமல் புரோக்கரை நம்பி வியாபாரம் நடந்தது. ஒரு வங்கியின் பெயருக்கு எழுதிய காசோலையைப் புரோக்கரின் கணக்கில் வரவு வைக்கும் பழக்கமும் வந்துவிட்டது. அந்தப் பணம் அவர் கையில் இருக்கும் சில வாரங்களுக்குப் பங்குச் சந்தைக்குப் போனது. ஏ.சி.சி. சிமென்ட் கம்பெனி போன்றவற்றின் பங்குகள் நம்ப முடியாத விலைக்கு ஏறியதற்குப் பின்னால் இந்தப் பணம் இருந்தது. கடைசியில் பத்திரமே இல்லாத பி.ஆர்.கள் வெளிவந்தன. பாங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிடன் கூட்டுறவு வங்கி ஆகிய இரண்டு சிறிய வங்கிகளின் பெயரில் வெளியான அப்படிப்பட்ட ரசீதுகளை நம்பிப் பெரிய வங்கிகள் கோடிக்கணக்கில் பணம் கொடுத்திருந்தன.

1991 ஜூலையிலேயே ரிசர்வ் வங்கி இந்தப் பழக்கத்துக்குக் கட்டுப்பாடு விதித்துச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. பல வங்கிகளில் அது நடைமுறைக்கு வரவில்லை. 1992 ஏப்ரல் 23 அன்று ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் சுசேதா தலால் எழுதிய செய்தி வெளியானது. பாரத ஸ்டேட் வங்கியின் பத்திரக் கணக்கில் ஏறத்தாழ 500 கோடி ரூபாய் துண்டு விழுந்த விஷயம் ஊரறிய வந்தது. அடுத்த வாரமே ரிசர்வ் வங்கி தன் துணை ஆளுநர் ஜானகிராமன் தலைமையில் குழு அமைத்தது. 4,000 கோடிக்கும் மேற்பட்ட தொகைக்கு முறையான பத்திரப் பின்னணி இல்லை என்று அந்தக் குழு கணக்குக் காட்டியது. அன்றைய மதிப்பில் அது எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள். அந்த நாட்களில் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் ஒரே வேலைதான். அலமாரியைத் திறந்து, கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று எண்ணுவது. பி.ஆர். கொடுத்தவர்களுக்குத் தொலைபேசி போட்டு “பத்திரம் எங்கே?” என்று கேட்டபோது சில இடங்களில் பதில் வர நேரமானது. அந்த மௌனத்தின் அர்த்தம் எங்களுக்குப் புரிந்தது. இரவு வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வராது.

இத்தனை கலவரத்திலும் மத்திய அரசு தன் பத்திரம் எதற்கும் வட்டியோ அசலோ தராமல் போகவில்லை. கடன் வாங்கியவர் நாணயமாகத்தான் இருந்தார். பத்திரம் யாருடையது என்ற கணக்குதான் உடைந்து கிடந்தது. ஏடு, ஏடு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

செபியைப் பற்றிக் கேட்டீர்கள். 1988 ஏப்ரலில் அது அமைக்கப்பட்டபோது அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. 1992 ஜனவரி 30 அன்று அவசரச் சட்டம் மூலமாகத்தான் அதிகாரம் கிடைத்தது. ஊழல் வெளிவந்ததற்கு மூன்று மாதம்கூட முன்னால் இல்லை. தவிர, வங்கிகள் தமக்குள் நடத்திய அரசுப் பத்திர வியாபாரம் செபியின் எல்லைக்குள்ளேயே வரவில்லை. அந்தப் பொறுப்பு வங்கிகளின் உள்தணிக்கைக்கும் ரிசர்வ் வங்கிக்கும் உரியது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அரசுப் பத்திரங்களை ஏலத்தில் விற்கும் முறை அதே 1992 ஜூனில் தொடங்கியது. 1994இல் தேசியப் பங்குச் சந்தை வந்தபோது ஜூன் மாதம் முதலில் திறந்தது கடன் பத்திரப் பிரிவைத்தான், பங்குகள் நவம்பரில்தான் வந்தன. 1995இல் பணமும் பத்திரமும் ஒரே நேரத்தில் கைமாறும் ஏற்பாடு வந்தது. பத்திரம் இல்லாமல் பணம் போக முடியாது, பணம் இல்லாமல் பத்திரம் போக முடியாது. பி.ஆர். என்ற தாளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. 1996இல் டெபாசிட்டரிச் சட்டம் வந்து பங்குகளும் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறின. 2002 பிப்ரவரியில் இந்திய கிளியரிங் கார்ப்பரேஷன் வேலையைத் தொடங்கியது. இன்று ஒரு அரசுப் பத்திரத்தை விற்பவருக்கு அது வாங்குபவராகவும், வாங்குபவருக்கு விற்பவராகவும் நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் தவறினாலும் மறுபக்கத்துக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கும். 2005 ஆகஸ்டிலிருந்து பெயர் தெரியாமல் திரையில் விலை பார்த்து வியாபாரம் செய்யும் தளமும் இருக்கிறது. புரோக்கரின் தொலைபேசிக்காகக் காத்திருந்த காலத்தைப் பார்த்தவன் நான். அந்தத் திரையை முதன்முதலில் பார்த்தபோது கிடைத்த நிம்மதியை இப்போதும் உணர்கிறேன்.

கேள்வி: ‘7.10% 2034’ என்ற மத்திய அரசுப் பத்திரம் வாங்கினேன். சில நாள் விலை நான் கொடுத்ததைவிடக் குறைவாகக் காட்டுகிறது. அரசாங்கப் பத்திரத்தில் எப்படி நஷ்டம் வரும்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: பத்திரத்தின் பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது ஐயா. முகமதிப்பில் ஆண்டுக்கு 7.10% வட்டி, 2034இல் முதிர்வு. வட்டி ஏப்ரல் 8, அக்டோபர் 8 என ஆண்டுக்கு இருமுறை வரும். 10,000 ரூபாய் முகமதிப்புக்கு ஒவ்வொரு தடவையும் 355 ரூபாய். 2034 ஏப்ரல் வரை வைத்திருந்தால் 10,000 முழுதாக வரும். இதில் எதுவும் மாறாது.

மாறுவது நடுவில் விற்றால் கிடைக்கும் விலை. பத்து ஆண்டு பாக்கியுள்ள ஒரு 7% பத்திரம் உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். நாட்டில் வட்டி ஏறி, புதிய பத்திரம் 8% தருகிறது. உங்கள் 7% பத்திரத்தை 100 ரூபாய் கொடுத்து யார் வாங்குவார்? ஏறக்குறைய 93 ரூபாய் 20 காசுக்கு இறங்கினால்தான் வாங்குபவருக்கு 8% கிடைக்கும். வட்டி 6%க்கு இறங்கினால் அதே பத்திரம் 107 ரூபாயைத் தாண்டும். பாக்கிக் காலம் நீளமாக நீளமாக இந்த ஏற்ற இறக்கமும் கூடும். 30, 40 ஆண்டுப் பத்திரங்களை வயதானவர்கள் தலையில் கட்டுவதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். முதிர்வுவரை வைத்திருக்க முடியாதவர் அதை வாங்கக் கூடாது.

அரசுப் பத்திரங்களில் முதலீடு செய்யும் கில்ட் மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஃபண்டுக்கு முதிர்வுத் தேதி கிடையாது. வட்டி ஏறினால் அதன் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, இறங்கும், என்றைக்கு மீளும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

கேள்வி: தமிழ்நாடு அரசின் பத்திரம் மத்திய அரசுப் பத்திரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறதே, வாங்கலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: வாங்கலாம். செவ்வாய்க்கிழமை ஏலங்களில் அடிக்கடி வரும் பெயர்களில் நம் மாநிலமும் ஒன்று. இந்தக் கடனுக்கு மத்திய அரசு எழுத்துப்பூர்வ உத்தரவாதம் தருவதில்லை. கொஞ்சம் கூடுதல் வருவாய்க்கு அது ஒரு காரணம், எளிதில் விற்க முடியாதது இன்னொரு காரணம். ஆனால் மாநிலக் கடனையும் ரிசர்வ் வங்கிதான் நிர்வகிக்கிறது. வங்கிகள் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பத்திரங்களிலும் இது சேர்கிறது. மாநில அரசு நிறுவனம் ஒன்று வெளியிடும் பாண்டு வேறு, மாநில அரசே வெளியிடும் பத்திரம் வேறு. வாங்கும்போது வெளியிடுபவர் பெயரை நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி: பத்திர விஷயத்தில் ரிசர்வ் வங்கி, செபி என்று இரண்டு பேர் இருக்கிறார்களே. எதற்கு யாரிடம் போவது? ஒருவரிடமே எல்லாம் இருந்தால் என்ன?
— வாசகர், சேலம்

பதில்: இரண்டுக்கும் அடிப்படை 1956இன் பத்திர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம். 2000 மார்ச் மாத அறிவிக்கையில் மத்திய அரசு வேலையைப் பிரித்துக் கொடுத்தது. 2006இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி அதை உறுதிப்படுத்தினார்கள். அரசுப் பத்திரம், வங்கிகளுக்கிடையிலான குறுகிய காலப் பணச் சந்தை, அந்நியச் செலாவணி இவை ரிசர்வ் வங்கியிடம். பங்கு, கம்பெனி பாண்டு, மியூச்சுவல் ஃபண்டு, புரோக்கர், டெபாசிட்டரி, பங்குச் சந்தை இவை செபியிடம்.

அரசுப் பத்திரச் சந்தையையும் செபிக்கு மாற்றி, அரசுக் கடனைக் கவனிக்கத் தனி அமைப்பு உருவாக்க 2015 பட்ஜெட்டில் முன்மொழிந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அந்த ஆண்டே கைவிட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், இப்போதைக்குப் பிரிந்திருப்பதே நல்லது. வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பவர், வங்கிகளைக் கண்காணிப்பவர், அரசுக் கடனை விற்பவர் எல்லாம் ஒருவராகவே இருப்பதில் முரண்பாடு இருக்கிறது என்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் வங்கிப் பணமும் அரசுப் பத்திரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1992இல் பார்த்துவிட்டோம்.

உங்களுக்கு வேண்டிய நடைமுறை: புரோக்கரோ, ஃபண்டு நிறுவனமோ, கம்பெனியோ பதில் தராவிட்டால் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ என்ற புகார்த் தளம். 2011 முதல் இயங்குகிறது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் தீராவிட்டால் இணையவழிச் சமரசமும் நடுவர் தீர்ப்பும் 2023 முதல் உண்டு. வங்கி மீதான குறை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர். ரீடெயில் டைரக்ட் கணக்கில் சிக்கல் என்றால் அந்தத் தளத்திலேயே புகார்ப் பகுதி இருக்கிறது. கைபேசிச் செயலிகளில் கம்பெனி பாண்டு விற்பவர்கள் இப்போது நிறையப் பேர். 2022 நவம்பரில் செபி அவர்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. செபியிடம் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரிடமும் வாங்காதீர்கள். பதிவு இருந்தாலும் அந்த பாண்டு திரும்பி வரும் என்பதற்குச் செபி பொறுப்பேற்காது. விவரங்களை மறைக்காமல் வெளியிட வைப்பதுதான் அதன் வேலை.

கேள்வி: இலங்கையில் அரசே கடனைக் கட்ட முடியாமல் நின்றதைப் பார்த்தோம். அப்படியானால் எந்த அரசின் பத்திரத்தை நம்புவது?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. அரசு தன் நாணயத்தை அச்சடிக்கலாம், டாலரை அச்சடிக்க முடியாது. அந்த நெருக்கடியின் வேர் அங்கே இருந்தது. 2023 நடுவில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது பொதுமக்கள் வைத்திருந்த திறைசேரி உண்டியல்களில், அதாவது அங்குள்ள டி-பில்களில், கைவைக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளிடம் இருந்த பிணைமுறிகள் என்ற அரசுக் கடன் பத்திரங்களைத்தான் நீண்ட காலத்துக்கு மாற்றினார்கள். அதன் சுமை கடைசியில் உழைப்பவர்களின் ஓய்வுக்காலத்தின் மேல் விழுந்தது. இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

உண்டியல் வைத்திருந்தவருக்கு ரூபாய் குறையாமல் திரும்பியது உண்மை. ஆனால் விலைவாசி ஏற்றத்தில் அந்த ரூபாயின் மதிப்பு கரைந்ததும் உண்மை. உள்நாட்டு நாணயத்தில் அரசுக்குக் கடன் கொடுப்பவர் எந்த நாட்டிலும் முதலில் பார்க்க வேண்டிய அபாயம் இதுதான். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள், காலத்தைக் குறுக்கி வாங்குங்கள்.

கேள்வி: காலமான என் தந்தையின் பெட்டியில் பழைய கடன் பத்திரங்களும் பங்குச் சான்றிதழ்களும் கிடைத்தன. நாமினி யாரும் இல்லை. பணம் வருமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் ஒவ்வொரு தாளிலும் வெளியிட்டவர் யார் என்று பார்த்து மூன்றாகப் பிரியுங்கள். மத்திய அரசு அல்லது மாநில அரசு வெளியிட்ட கடன் பத்திரமாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் பொதுக் கடன் அலுவலகம். சென்னையில் ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கி அலுவலகம் இருக்கிறது. முதிர்வுத் தேதிக்குப் பிறகு வட்டி ஓடாது, ஆகவே தாமதம் வேண்டாம். மின்வாரியம் போன்ற நிறுவனத்தின் பாண்டு என்றால் அந்த நிறுவனத்துக்கே எழுத வேண்டும். பங்குச் சான்றிதழ் என்றால், அந்தக் கம்பெனிக்காகப் பங்குதாரர் கணக்கை வைத்திருக்கும் பதிவாளர் நிறுவனத்திடம் போங்கள். காகிதப் பங்குகளை விற்று வேறொருவர் பெயருக்கு மாற்றுவதை 2019 ஏப்ரல் முதல் நிறுத்திவிட்டார்கள். எனவே முதலில் பங்குகளைக் கணினியில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு வேண்டும். ஏழு ஆண்டு டிவிடெண்ட் கேட்கப்படாமல் கிடந்தால் பங்குகளே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்தும் திரும்பப் பெறலாம், படிவங்கள் அதிகம்.

நாமினி இல்லாததால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தொகையைப் பொறுத்து நீதிமன்றத்தின் சக்சஷன் சர்ட்டிபிகேட் ஆகியவை தேவைப்படும். உடன்பிறந்தவர்கள் இருந்தால் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒருவர் பெயரில் முன்னெடுப்பது நல்லது. அசல் தாள்களைத் தபாலில் அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் இருபுறமும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டு வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள்.

உங்கள் பெயரில் உள்ள கணக்குகளில் நாமினி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ரீடெயில் டைரக்ட் கணக்கில் இரண்டு பேர் வரை போடலாம். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.